பறவை எச்சம் பாறையை மாற்றுமா?

குழந்தைகளே! நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால், பல இடங்களில் செக்கச் செவேலென்று மண் தெரியும். அந்த மண் ஒரு காலத்தில் கெட்டியான பாறையாக இருந்தது!

அந்தப் பாறைக்கு, 'சார்னோகைட்' என்று பெயர். சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைதான். பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை, பாறையில் இருந்த கால்சியம், சோடியம், சிலிக்கா போன்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சென்றது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. இரும்பு துருப்பிடித்ததால் மண் சிவந்தது. அலுமினியம் மிகுந்த பகுதி, 'பாக்சைட்' ஆனது. இங்கு வெட்டிய பாக்சைட்டை மேட்டூர் ஆலைக்கு அனுப்பி, முன்பு அலுமினியம் எடுத்தார்கள்.

மழை மட்டும்தான் பாறையை மாற்றுமா? பறவையும் மாற்றும்!

கரீபியன் கடலில், 'ரெடோண்டா' என்ற சிறிய எரிமலைத் தீவு இருக்கிறது. மீன் தின்னும் கடல் பறவைகள் அங்கே கூட்டம் கூட்டமாகத் தங்கும். அவற்றின் எச்சத்துக்கு, 'குவானோ' என்று பெயர். அதில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. நம் உழவர்கள், 'மணிச்சத்து' என்கிறார்களே, அதுதான். மழைநீர் அதைக் கரைத்து, நைந்துபோன பாறையின் இடுக்குகளில் இறக்கியது. பாறையில் இருந்த அலுமினியமும் இரும்பும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பாறை வேறு கனிமமாகவே மாறிவிட்டது! 1860களில் தொடங்கி, முதல் உலகப் போர்க் காலம் வரை அதை வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதே, 'பிடி' நம் செம்மண்ணிலும் உண்டு. உழவர் போடும் மணிச்சத்தில் பெரும் பகுதியை, இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு எளிதில் தராது. மண்ணில் சத்து இருக்கும். பயிரோ பட்டினி கிடக்கும்!

இதற்கு வழி என்ன? தொழுவுரமும் மக்கிய இலைதழைகளும் போட்டால், அவற்றிலிருந்து வரும் அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தும். 'பாஸ்போபாக்டீரியா' என்னும் நுண்ணுயிர்களும் மணிச்சத்தை விடுவித்து வேருக்குக் கொடுக்கும். ஆனால், மலைச்சரிவில் மரங்களை வெட்டினால், இலைதழையும் கிடைக்காது. மேல்மண்ணும் மழையோடு போய்விடும். பாறை மண்ணாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அது அடித்துச் செல்லப்பட ஒரு பெருமழை போதும்!

உங்கள் ஊர் மண் என்ன நிறம்? ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சருகுகளை எரிக்காமல், அந்த மண்ணிலேயே மக்க விடுங்கள், செல்லங்களே!