வறட்டு இருமலா? மாத்திரையும் காரணமாகலாம்!
எல்லையோரத் தமிழர்களுக்குத் தமிழிலேயே புகார்ப் படிவம்

புதுதில்லி: மருந்துகளின் பக்கவிளைவுகளை நோயாளிகளே நேரடியாகத் தெரிவிப்பதற்கான மத்திய அரசின் படிவம், மலையாளத்தில் மட்டுமின்றித் தமிழிலும் உள்ளது. தமிழ் பேசுவோர் பெருமளவில் வசிக்கும் கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் இந்தப் படிவத்துக்குத் தேவை அதிகம்.

இதய நோயாளிகளுக்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தரப்படும் எனாலபிரில், ராமிபிரில் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலை உண்டாக்கும். உடலில் சிதைய வேண்டிய பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தங்குவதே இதற்குக் காரணம். மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்தும் இருமல் வரலாம் என்பதால் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்கத் தோன்றாது. மூணாறு போன்ற குளிர்ப் பகுதியில் பழி பனியின் மீதே விழும். கடையில் வாங்கும் சளி மருந்துகள் சிலவற்றில் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளும் உண்டு. நோய்க்கு வைத்தியம் செய்யப்போய் நோயை வளர்த்த கதைதான்.

மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்டான், லோசார்டான் போன்றவற்றுக்கு மாற்ற இயலும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வகை மாத்திரைகள் ஆகாது.

அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தரும். நாள் முழுவதும் நின்று கொழுந்து பறிப்போர் அதை வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடக்கூடும். மெட்டோபிரோலால் நாடித்துடிப்பைக் குறைத்து அசதி தரும். ஆனால் அதைத் திடீரென நிறுத்துவது அதனினும் ஆபத்து; நெஞ்சுவலி, மாரடைப்பு வரை கொண்டுபோய் விடும்.

பாலக்காட்டின் கவலை வேறு. 2016, 2024 ஆம் ஆண்டுகளில் அங்கு வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு அத்தகைய வெயிலில் நீரும் உப்பும் குறைந்து மயக்கம் வரலாம்.

எல்லைக்கே உரிய சிக்கல் இன்னொன்று. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு, தேனியிலோ கோவையிலோ மற்றொரு சீட்டு. ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் வந்து இரட்டிப்பு அளவு உள்ளே போக வாய்ப்புண்டு. எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் காட்டுவதே இதற்கு வழி.

மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் தொடங்கப்பட்டது. தில்லியை அடுத்த காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2011 முதல் இதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் வேலை நாள்களில் புகார் கூறலாம். இதற்கு மருத்துவரின் கையொப்பம் தேவையில்லை.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரான, விற்பனையில் முன்னணியிலுள்ள 300 வணிகப் பெயர் மருந்துகளின் உறைகளில் க்யூ.ஆர். குறியீடு கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இடம்பெற வேண்டும் என்கிறது விதி. பக்கவிளைவு பற்றிய தகவலை விதி கட்டாயமாக்கவில்லை.