வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்

"சொறிக்கு எங்க ஆயா குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் பூசுவாங்க. அது கிருமியைக் கொல்லுமா சார்?" மடுகரைப் பக்கத்து வகுப்பறைகளில் எழக்கூடிய கேள்விதான். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடியாது.

ஆய்வகத்தில், பாக்டீரியா பரப்பிய அகார் தட்டின் மேல் சாற்றில் நனைத்து உலர்த்திய வடிதாள் வில்லையை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரிந்தால், அங்கே பாக்டீரியா வளரவில்லை என்று பொருள். ஆனால் சாறு எதில் எடுத்தது? மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. எத்தனாலில் நன்கு கரையும். எத்தனாலோ தானே ஒரு கிருமிநாசினி! எனவே எத்தனாலில் மட்டும் நனைத்து உலர்த்திய வில்லையும் பக்கத்தில் இருக்க வேண்டும். பாடத்தில் நாம் ஒரே வரியில் கடந்துவிடும் ஒப்பீட்டுச் சோதனை இதுதான்.

சூடும் முக்கியம். பூண்டை நசுக்கும்போதுதான் ஒரு நொதி அல்லிசினை உண்டாக்குகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மலேரியா மருந்து தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூ, செடியைக் கொதிக்கவைப்பதை விட்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதருக்கு மாறிய பிறகே பலன் கண்டார். அவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பில் பாக்டீரியா வளர்க்க வேண்டாம், ஆபத்து. மஞ்சள்தூளைத் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் தனித்தனியே கலக்கி, வடிதாளில் வடித்து, நிறத்தை ஒப்பிட்டாலே போதும். அருகில் நெருப்பு கூடாது.

அந்தச் சொறி ஸ்கேபிஸ் என்றால், காரணம் பாக்டீரியாவே அல்ல. தோலுக்குள் துளைபோடும் நுண்ணிய உண்ணி. தட்டில் எவ்வளவு பெரிய வட்டம் தெரிந்தாலும் அதற்கு விடையாகாது. வீட்டில் பலருக்கும் அரிப்பு இருந்தாலோ, புண்ணில் சீழ் பிடித்திருந்தாலோ, பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள்.