உங்களுக்குத் தெரியுமா? விடுதலைக்கு முன்பே ஒரு வீடு

சிறையில் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும். கதவை வேறொருவர் திறந்து மூடுவார். பல ஆண்டுகள் அப்படியே பழகியவர் ஒரே நாளில் வாடகை, வேலை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டுமென்றால் தடுமாறத்தான் செய்வார். அதற்காக பெல்ஜியம் 2019 செப்டம்பரில் மெக்கெலன் நகரில் முதல் ‘இடைமாற்ற இல்லத்தை’த் திறந்தது.

இல்லத்தில் ஏறத்தாழ 15 பேர்தான். 18 மாதத்துக்குள் நிபந்தனை விடுதலைக்குத் தகுதி பெறக்கூடியவர்களுக்கே இடம். சட்டப்படி அவர்கள் இன்னமும் கைதிகள். ஆனால் சமையல், துணி துவைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அனுமதியோடு வேலைக்கோ பயிற்சிக்கோ வெளியே போய்வரலாம். விதியை மீறினால் பழைய சிறைதான்!

இந்த யோசனைக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் ஹான்ஸ் கிளாஸ் முக்கியமானவர். அவர் ஔடெனார்டெ சிறையின் இயக்குநராக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை. பெரிய சிறைகளையே கலைத்துவிட்டு, ஊருக்குள் சிறுசிறு வீடுகளாக அமைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அரசு அவ்வளவு தூரம் போகவில்லை. 2022இல் அதே பெல்ஜியம் பிரஸ்ஸல்ஸின் ஹாரென் பகுதியில் 1,190 பேருக்கான புதிய சிறையையும் திறந்தது.