நள்ளிரவில் சமையல் அறையில் "களக்... களக்!" திருடனா? பேயா?

நேரம் நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் நல்ல தூக்கம். திடீரென்று சமையல் அறையில் "களக்... களக்" என்று சத்தம்! யாரோ சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பது போல இருக்கிறது. வீட்டம்மா பதறிப்போய்க் கணவரைத் தட்டி எழுப்புகிறார். அவர் விளக்கைப் போட்டுப் பார்க்கிறார். ஆள் இல்லை. கதவு பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது. மூலையில் பிரிட்ஜ் மட்டும் நிற்கிறது.

"குற்றவாளி" அதுதான்! ஆனால் அது செய்தது குற்றமே இல்லை.

பிரிட்ஜின் பின்புறம், அடியில் கம்பிரசர் இருக்கிறது. ஓடும்போது "உர்ர்" என்று உறுமும். உள்ளே போதுமான குளிர் ஏறியதும் தெர்மோஸ்டாட் "டக்" என்று கரண்டைத் துண்டிக்கும். கம்பிரசர் நின்றாலும் குழாய்க்குள் இருக்கும் கேஸ் உடனே அடங்காது. அழுத்தம் கூடிய பக்கத்தில் இருந்து குறைந்த பக்கத்துக்கு ஓடும். அந்த ஓட்டம்தான் "களக் களக்". பகலில் பஸ் இரைச்சலில் காதில் விழாது, ராத்திரியில் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

"படக்" என்று ஏதோ ஒடிவது போலவும் கேட்கும். எதுவும் ஒடியவில்லை. உள்சுவர் பிளாஸ்டிக், குளிரில் சுருங்கிச் சூட்டில் விரிகிறது. தானாகப் பனி உருக்கும் பிரிட்ஜில், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி "சொய்ங்" என்று கேட்கலாம். உருகிய பனி உள்ளே இருக்கும் ஹீட்டரில் சொட்டுகிறது. "கடகட" சத்தமா? பிரிட்ஜ் தலையில் ஏற்றி வைத்த பாத்திரத்தை முதலில் இறக்குங்கள்!

"கேஸ் போச்சு சார்!"

இது தெரியாமல் சத்தத்துக்குப் பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "கேஸ் போச்சு சார்" என்று சொல்லிப் பணம் கறக்கும் ஆசாமிகளும் உண்டு. ஐஸ் கட்டி வழக்கம்போல உறைகிறதா, பால் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் கேஸ் எங்கேயும் போகவில்லை.

உண்மையான கோளாறு வேறு மாதிரி. கம்பிரசர் "உம்ம்" என்று முக்கும். சில விநாடியில் "டக்" என்று அணையும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை. உள்ளே குளிரும் இருக்காது. குறைந்த வோல்டேஜ் காரணமாக இருக்கலாம், ரிலே போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்த உடனே போடாமல் 5 நிமிடம் பொறுப்பது கம்பிரசருக்கு நல்லது.

கத்தி வேண்டாம்!

இன்னொரு சத்தம் ஆபத்தானது. பிரீசர் ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும்போது "ஸ்ஸ்ஸ்" என்று கேட்டால், குழாய் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது வரும் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் கேஸ்தான். அளவு கொஞ்சம்தான், ஆனால் தீப்பிடிக்கும். சமையல் கேஸ் மாதிரி நாற்றம் அடிக்காது, மூக்கை நம்ப முடியாது. அடுப்பை அணைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

ஐஸ் தடித்துப் போனால் கத்தி எதற்கு? ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால், காலையில் தானே உருகி விழுந்துவிடும். கீழே ஒரு பழைய துணியைப் போட மறக்க வேண்டாம்.