வெப்பத்திற்குப் பழகிய நுண்ணுயிர்கள்

பரிணாமம் என்றதுமே பிள்ளைகளின் விசுவாசத்திற்கு ஊறு நேருமோ என அஞ்சும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உளர். அக்கொள்கை வெறும் ஊகமன்று என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரே உரைத்திருக்க, நாம் அஞ்சுவானேன்? அம்மாற்றத்தைக் கண்ணாரக் காண விழைந்தவருள் சமயப் பணியாளரும் உண்டு.

இங்கிலாந்தில் வில்லியம் டாலிஞ்சர் என்னும் மெதடிஸ்ட் போதகர் (நம் திருச்சபையினர் அல்லர், எனினும் அவர்தம் பொறுமை போற்றத்தக்கது) ஒற்றையணு நுண்ணுயிர்களை வளர்த்து, ஏறத்தாழ ஏழாண்டுகளாகச் சிறிது சிறிதாக வெப்பத்தை ஏற்றி, 60 பாரன்ஹீட்டிலிருந்து 158-க்குக் கொணர்ந்தார். அதில் வாழப் பழகியவை பழைய குளிர்ச்சியில் மாண்டன! 1886-இல் கருவி பழுதுற்று ஆய்வு நின்றது. உள்ளே மாறியது யாதென அறிய அன்று வழியில்லை.

2012-இல் வெளியான ஆய்வொன்று, பாக்டீரியாவிடம் அதைக் கண்டது. நம் குடலில் வாழும் ஈ. கோலி, 37 செல்சியசில் இனிது வளர்வது. ஒரே மூதாதையினின்று பிரிந்த அதன் 115 கிளைகள் 42.2 செல்சியசில் 2,000 தலைமுறை வளர்க்கப்பட்டன. உயிரணு பிரியுங்கால் மரபுச் செய்தியில், ஏடு படியெடுப்போர் செய்யும் எழுத்துப் பிழைபோலத் திரிபுகள் தற்செயலாய் நேரும். வெப்பத்தில் விரைந்து பெருகத் துணைசெய்பவை நிலைபெறும். வியப்பு யாதெனில், கிளைக்குக் கிளை திரிந்த எழுத்து வேறாயினும், திரிந்த மரபணுக்கள் பல ஒன்றாகவே இருந்தன. சிறப்பாக இரண்டு: மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதிக்குரியது ஒன்று, படியெடுப்பை நிறுத்தும் புரதத்திற்குரியது மற்றொன்று. ஒன்று திரிந்த கிளையில் மற்றது பெரும்பாலும் திரியவில்லை.