கம்பம் பள்ளத்தாக்கின் வேதக்கோயில்கள்

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில், கொடைக்கானல் மலைச்சாலை பிரியும் இடத்துக்கு அருகே இருக்கிறது கெங்குவார்பட்டி. இந்த வட்டாரத்திலிருந்து தெற்கே கம்பம் வரையுள்ள தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) கிராமச் சபைகளின் மூலத்தைத் தேடிப் போனால், 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனில் போய் நிற்கலாம்.

மிஷனை அனுப்பிய பாஸ்டன் சங்கம் 1810-இல் உருவானது. அதில் காங்கிரிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் சேர்ந்தே உழைத்தார்கள். இரு சாராருக்கும் பேராயர் கிடையாது. காங்கிரிகேஷனல் முறையில் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும். பிரெஸ்பிட்டேரியன் முறையில் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் போதகரோடு உட்கார்ந்து சபையை நடத்துவார்கள். பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடும் வட்டார மன்றம் அவற்றுக்கு மேலே இருக்கும். 1870-இல் பிரெஸ்பிட்டேரியன் சபையார் தனி மிஷன் நடத்தப் பிரிந்துபோனார்கள். மதுரைப் பணி பாஸ்டன் சங்கத்திடமே தங்கியது.

மதுரைக்கு முதலில் வந்த ஹாய்சிங்டனும் டாடும் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து, தமிழ் உதவியாளர்களோடு வந்தவர்கள். பின்னர் திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் ஆகிய ஊர்களில் மிஷன் நிலையங்கள் அமைந்தன. பெரியகுளத்தில் ஜோசப் நோய்ஸ் நெடுங்காலம் ஊழியம் செய்தார். அங்கே பணியேற்ற டேவிட் காய்ட் ஸ்கடர் இந்தியாவுக்கு வந்த மறு வருடமே, 1862 நவம்பரில், மழைக்கால வைகை வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. பாலங்கள் இல்லாத அந்நாளில் ஆற்றைக் கடப்பது ஊழியக்காரர் எல்லாருக்கும் உயிர்ப் பணயம்தான்.

வரலாற்றில் வெள்ளைக்காரர்களின் பெயர்களே பெரிதாக நிற்கின்றன. ஆனால் கிராமச் சபையைத் தாங்கியவர் உபதேசியார். ஓர் ஊரில் சில குடும்பங்கள், பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், "எங்கள் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேண்டும்" என்று மிஷனிடம் கேட்பார்கள். பசுமலை செமினரியில் படித்த ஒருவர் போவார். மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த ஒரே கட்டடம் வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில். கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளைகளும் வாய்ப்பாடமாகப் பதியும். கூலி வேலை முடிந்து சனம் வீடு திரும்பிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில்தான் பெரியவர்களுக்குப் பாடம். மிஷனரி துரை ஆண்டில் சில முறை கூடாரமடித்துத் தங்கிப் போவார். சாவு, கல்யாணம், வழக்கு, காய்ச்சல் என்று எதுவந்தாலும் ஊர் ஓடியது உபதேசியார் வீட்டுக்கே. இந்தச் சபைகளின் வரலாற்றை நியாயமாக எழுதுவதானால் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாதி சபைக்கு உள்ளேயும் வந்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் 1847-இல் கண்டிப்புக் காட்டியது. மறுத்த உபதேசிமார், மாணவர் பலர் விலகினார்கள், விலக்கப்பட்டார்கள். ஆள்பலம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அதனால் சபைகளில் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரே பந்தி என்பது கொள்கையாக நிலைத்ததே பெரிய காரியம்.

ஆராதனையைத் தமிழாக்கியது பாட்டு. திண்டுக்கல் மிஷனரி எட்வர்ட் வெப், தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியாரை அணுகி அவருடைய கீர்த்தனைகளைத் திரட்டி, மற்றப் பாடல்களோடு 1853-இல் அச்சிட்டார். மேல்நாட்டு மெட்டில் தடுமாறிய சபையார், பழகிய ராகத்தில் வாய்விட்டுப் பாடினார்கள். எழுத்தறியாதவர்களும் வேதக்கதையை மனப்பாடமாக அறிந்தது பெரிதும் இந்தக் கீர்த்தனைகளால்தான். காணிக்கைக்கும் சபையார் தம் வழி கண்டார்கள். காசு கையில் இல்லாத பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசியும் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும் சபைச் செலவுக்கு உதவின.

1908-இல் மதுரை மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. சென்னை, செங்கல்பட்டு வட்டாரங்களில் ஸ்காட்லாந்து மிஷனும், ஆற்காட்டில் அமெரிக்கச் சீர்திருத்த சபையும் வளர்த்த பிரெஸ்பிட்டேரியன் மரபுச் சபைகள் அதில் இருந்தன. முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, அந்த ஐக்கிய சபை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று.

அன்று மதுரை-இராமநாதபுரத்துக்குப் பேராயரான லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் குரு. வயது 37. பேராயரே இல்லாத மரபில் வளர்ந்தவர், பேராயரையே அறியாத சபைகளுக்குப் பேராயராக வந்தார். பேராயரின் அதிகாரம் பற்றிப் பழைய சபைகளுக்கு இருந்த அச்சத்தைப் போக்க, மன்றத்தோடு கலந்தே பேராயர் செயல்படும் ஏற்பாட்டைத் திருச்சபையின் சட்டதிட்டம் செய்திருந்தது. கிராமங்களில் தங்கி, மரத்தடியிலும் ஓலைக்கொட்டகையிலும் அவர் நடத்திய பணியை 1951-இல் வெளியான அவருடைய நாட்குறிப்பு நூல் பதிவுசெய்கிறது. போதகர்கள் சிலர், சபைகளோ பல. ஆகவே ஊர்ப் பெரியவர்களைப் பயிற்றுவித்துப் பொறுப்பேற்கச் செய்வதில் அவர் ஊக்கம் காட்டினார். மூப்பர் முறையின் சாரம் அங்கே தொடர்ந்தது எனலாம். 1959 வரை அவர் மதுரையில் இருந்தார்.

பேராயர் முறை வந்ததைவிடச் சபையாரை ஆழமாகப் பாதித்தது 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை. இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்று அது வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்த அந்த வாசல் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். மதம் மாறினாலும் தீண்டாமை விடவில்லை, சலுகை மட்டும் போயிற்று. ஆகவே கிராமத்து வேதக்கோயிலில் ஞாயிறுதோறும் உட்காரும் பலர் சாதிச் சான்றிதழில் இந்துக்களாகவே இருக்கிறார்கள். சபைப் பதிவேட்டையோ மக்கள்தொகைக் கணக்கையோ பார்த்து இந்தச் சபைகளின் அளவை மதிப்பிட முடியாது.