பெரிய லைன் வந்தாச்சு, மோட்டார் ஏன் எரியுது?

போன சித்திரையில் என் 5 குதிரைசக்தி மோட்டார் எரிந்தது. இரண்டு வருடத்தில் மூன்றாவது முறை. கம்பைநல்லூரில் காயில் கட்டுகிறவர் திறந்து பார்த்ததும், "லோ வோல்டேஜுங்க மேனேஜர் சார்" என்றார். மூடாக்கு போட்ட தென்னை ஒரு வாரம் தாங்கிக்கொண்டது. நாட்டுத் தக்காளி நாற்று தாங்கவில்லை. வங்கியில் இருந்தபோது எத்தனையோ கிணற்று மோட்டாருக்குக் கடன் கொடுத்தவன் நான். மோட்டார் எரிஞ்சா தவணை எப்படிக் கட்டுவாங்கன்னு ஒருநாளும் யோசிச்சதில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: "வடக்கே இருந்து அவ்வளவு பெரிய டவர் லைன் போட்டாங்களே, அப்புறமும் நமக்கு ஏன் இப்படி?" நியாயமான கேள்வி.

கரண்ட் வருவதும் கால்வாய்ப் பாசனம் மாதிரிதான். அணையில் தண்ணீர் இருந்தாலும் கால்வாய் வேண்டும், கடைசியில் மடை சரியாக இருக்க வேண்டும். 2012-ல் கிராமங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். வெளி மாநிலத்தில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவரப் போதுமான லைன் இல்லை. தென்மாநில மின்தொகுப்பு கிட்டத்தட்டத் தனித்தீவு. (அதனால் ஒரு நன்மை: அந்த வருடம் ஜூலை 30, 31-ல் வடக்கும் கிழக்கும் இருண்டபோது நாம் தப்பித்தோம்.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் மூலம் தேசியத் தொகுப்போடு சேர்ந்தோம். பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கே.வி. நேர்மின்சார லைன் வந்தது. அதன் கொள்ளளவு 6,000 மெகாவாட்.

அந்தக் கோபுரங்கள் நம்மைப் போன்றவர்களின் நிலத்தில்தான் நிற்கின்றன. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு, நிலத்தைக் கையகப்படுத்தாமலே லைன் இழுக்கலாம். 2018-ல் கொங்கு மாவட்டங்களில் நடந்த போராட்டம் இதற்காகத்தான். 2015-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். புது லைன் வரப்போகிற ஊர்க்காரர்கள் இந்த எண்களை மனப்பாடமா வெச்சுக்கணும்.

சரி, கால்வாய் அகலமாச்சு. மடை?

துணைமின் நிலையத்திலிருந்து 11 கே.வி.யில் வரும் கரண்டை எங்கள் டிரான்ஸ்பார்மர் 400 வோல்ட்டாக இறக்குகிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தாழ்வழுத்தக் கம்பி, அதில் 18 மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும். ஆம்பியர் இரட்டிப்பானால் கம்பியில் நஷ்டம் நாலு மடங்கு. கடைசிக் கிணறு என்னுடையது. 415 காட்ட வேண்டிய மீட்டர் 330 காட்டும். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால், மிஞ்சுவது 63 சதவீதம்தான். திணறுகிற மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சுருள் சூடாகும், எரியும்.

இதற்கு வழி, 11 கே.வி. கம்பியையே வயலுக்குள் கொண்டுவந்து, இரண்டு மூன்று கிணற்றுக்கு ஒரு 16 அல்லது 25 கே.வி.ஏ. சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பது. அதே மின்சாரத்துக்குக் கம்பியில் ஓடும் ஆம்பியர் 27-ல் ஒரு பங்காகிவிடும். டிரான்ஸ்பார்மர் பழுதானாலும் மூணு கிணறுதான் நிற்கும். செலவு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனா ரீவைண்டிங்குக்கு நாம அழுத காசையும் கணக்குல சேர்க்கணுமில்லையா?

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. 5 குதிரைசக்திக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் போட்டால் கம்பியின் சுமை குறையும். எங்கள் 18 பேரில் நாலு பேரிடம்தான் இருந்தது. அதைவிட மோசம் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். இப்போது ஆளுக்கு ஒரு நிமிட இடைவெளியில் டைமர் வைத்திருக்கிறோம். டிரிப் ஆவது குறைந்திருக்கிறது.

ஒரு மாதம் காலை, மதியம், இரவு வோல்டேஜைக் குறித்து, அந்த நோட்டின் நகலோடு 18 பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். சின்ன டிரான்ஸ்பார்மர் வந்தால் ஒரு கம்பம் அண்ணன் வரப்பில் நட வேண்டியிருக்கும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றிருக்கிறார்.